3–6 வயதுக் குழந்தைகளுக்குப் பிறர் மனம் எவ்வளவு புரிகிறது: ஆண்-பெண் வேறுபாட்டைச் சோதிப்பது எப்படி?

தேன்சிட்டு:
வணக்கம். முதுகலை உளவியல் ஆய்வேட்டுக்கு 20 சிறுவர், 20 சிறுமியரிடம், ஒருவர் தப்பாக நினைத்திருப்பது குழந்தைக்குப் புரிகிறதா என்று பார்க்கும் சாலி-ஆன் பொம்மைக்கதைச் சோதனையை நடத்தப்போகிறேன். "சாலி எங்கே தேடுவாள்?" என்ற ஒரு கேள்வி போதுமா? சிறுமிகள் முந்துவார்கள் என்று கருதுகோள் எழுதலாமா?

பனையோலை:
போதாது. சாலி கோலியைக் கூடையில் போட்டுவிட்டு வெளியே போகிறாள், ஆன் அதைப் பெட்டிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வரும் சாலி எங்கே தேடுவாள் என்று கேட்டபின், "கோலி இப்போ எங்கே இருக்கு?", "முதல்ல எங்கே இருந்துச்சு?" என்ற இரண்டையும் கேட்டாக வேண்டும். இவற்றில் தவறுகிற குழந்தைக்குக் கதையே பிடிபடவில்லை. அதன் விடையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வயதை மாதக்கணக்கில் குறியுங்கள். 3 வயதில் பெரும்பாலோர் பெட்டியைக் காட்டுவார்கள், 4 முதல் 5-க்குள் சரியான விடையான கூடைக்கு மாறிவிடுவார்கள். 6 வயதில் ஏறக்குறைய எல்லோரும் சரியாகச் சொல்வதால் அங்கே எந்த வேறுபாடும் தெரியாது. வெல்மனும் லியூவும் 2004-இல் வெளியிட்ட ஐந்து படி அளவுகோல் இதற்குப் பொருத்தம். அதன் கடைசிப் படி, உள்ளே ஒன்றை உணர்ந்து முகத்தில் வேறொன்றைக் காட்டுவது. அது பெரிய குழந்தைகளுக்கும் சவால்தான்.

தமிழில் ஒரு சிக்கல் உண்டு, கவனியுங்கள். "கூடையில இருக்குன்னு நினைச்சிட்டு இருக்கா" என்றால் அவள் நினைப்பு தப்பு என்ற குறிப்பு அந்தச் சொல்லிலேயே வந்துவிடுகிறது. "தேடுவா" என்று மட்டும் கேளுங்கள், எல்லோரிடமும் ஒரே வாசகத்தில். 'தேடுவான்', 'தேடுவா' என வினையே பாலைக் காட்டுவதால், பாதிப் பேருக்கு ஆண் பொம்மை, பாதிப் பேருக்குப் பெண் பொம்மை வையுங்கள்.

அளவுகோல்:
கருதுகோளை வயதின் மேல் வையுங்கள். இந்த வயதில் சிறுமிகளுக்குக் கிடைக்கும் முன்னிலை மிகச் சிறியது, சில ஆய்வுகளில் தென்படுவதே இல்லை. மொழித்திறனையும் அளந்தே ஆகவேண்டும். நன்றாகப் பேசும் குழந்தை இந்தச் சோதனையில் எளிதாகத் தேறும். அதை விட்டுவிட்டால் பேச்சின் பலனைப் பாலின் பலன் என்று எழுதிவிடுவீர்கள். வீட்டில் உடன்பிறந்தோர் எத்தனை பேர் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரியவர்களிடம் படம் சற்றுத் தெளிவு. கண்பகுதி மட்டும் தெரியும் 36 படங்களுக்கு, நான்கு சொற்களிலிருந்து பொருத்தமான உணர்வைத் தேர்ந்தெடுக்கும் சோதனை ஒன்று உண்டு. 2022-இல் வெளியான 57 நாட்டு ஆய்வில், 36 நாடுகளில் பெண்களின் சராசரி கூடுதல், 21-இல் வேறுபாடில்லை. ஆண்கள் முந்திய நாடு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் இது சராசரிதான், எதிரில் நிற்கும் ஒருவரைப் பற்றி எதுவும் சொல்லாது. சரியான விடைக்குப் பணம் என்றதும் ஆண்-பெண் இடைவெளி மறைந்த வேறொரு சோதனையும் (2001) இருக்கிறது. எனவே திறனை மட்டுமல்ல, அக்கறையையும் அளக்கிறோம்.

தேன்சிட்டு:
நன்றி. 40 பேர் போதுமா?

அளவுகோல்:
வயது வேறுபாட்டுக்குப் போதும், மாதவாரியாகப் பரவலாக எடுத்தால். பால் வேறுபாட்டுக்குப் போதாது. 0.2 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) என்ற சிறிய வேறுபாட்டை 80% வாய்ப்போடு பிடிக்கவே சிறுவரில் சுமார் 400 பேர், சிறுமியரில் சுமார் 400 பேர் வேண்டும். 20-க்கு 20-இல் வேறுபாடு வராவிட்டால் "வேறுபாடு இல்லை" என்று எழுதாதீர்கள், "இந்த எண்ணிக்கையில் காண முடியவில்லை" என்று எழுதுங்கள்.