"மூச்சுத்திணறல் வாயு" வேண்டாம். வேறு சொல் தேடுவோம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

அழுத்தவாயு சிலிண்டர்களைக் கையாள்வோருக்கான பாதுகாப்புக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். சிலிண்டர், வால்வு, ரெகுலேட்டர் ஆகியவை பட்டறையில் புழங்கும் வடிவிலேயே இருக்கட்டும். அவற்றில் எனக்கு மறுப்பில்லை. என்னை நிறுத்தி வைத்திருப்பது ஒரு வகைப்பெயர். நைட்ரஜன், ஆர்கான், ஹீலியம் ஆகியவை நஞ்சும் அல்ல, எரிவதும் இல்லை. ஆனால் கசிந்தால் அறையிலுள்ள ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஆளைக் கொன்றுவிடும். இந்த வகையை என்னவென்று அழைப்பது?

பாடநூலில் வரும் "மந்த வாயு" வேதியியலுக்குச் சரி, எச்சரிக்கைக்கு உதவாது. பயிற்சி வகுப்பில் ஓர் இளைஞர், "மந்தம் என்றால் ஒன்றும் செய்யாதுதானே?" என்று கேட்டார். பிழை அவருடையது அல்ல. அந்தச் சொல் அப்படித்தான் சொல்கிறது.

இந்த வகைக்கு நம் குழுவில் முன்வைக்கப்பட்ட "மூச்சடைப்பு வாயு", "மூச்சுத்திணறல் வாயு" இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. அவை நடப்பதற்கு மாறாகச் சொல்கின்றன. மூச்சு முட்டும் உணர்வைப் பெரும்பாலும் எழுப்புவது உடலில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. ஆக்சிஜன் குறைவு அல்ல. நைட்ரஜன் நிறைந்த இடத்தில் மூச்சு தடையின்றி உள்ளே போய் வெளியே வரும், கார்பன் டை ஆக்சைடும் வழக்கம்போல் வெளியேறிக்கொண்டிருக்கும். மணமில்லை, நிறமில்லை, திணறலும் இல்லை. ஆக்சிஜனே இல்லாத வாயுவை ஓரிரு முறை இழுத்தாலே நினைவு தப்பலாம். "திணறல்" என்று எழுதி ஒட்டினால், திணறும்போது வெளியே ஓடிவிடலாம் என்றுதான் படிப்பவர் நினைப்பார். அந்தத் திணறல் வராது. விழுந்தவரைத் தூக்க ஓடுகிறவரும் அருகிலேயே விழுவது இதனால்தான்.

ஒரு கணக்கு. 50 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த நைட்ரஜன், வெளியே வந்தால் ஏறத்தாழ 10 கன மீட்டர். நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீட்டராக உள்ள மூடிய அறையில் அது முழுவதும் கசிந்தால், 20.9 விழுக்காடாக இருந்த ஆக்சிஜன் 14 அளவுக்கு இறங்கிவிடும். 19.5-க்குக் கீழே போனாலே குறைபாடு என்று கொள்வது வழக்கம். ஆர்கானோ காற்றைவிடக் கனமானது. பள்ளத்திலும் தொட்டியிலும் தேங்கி நிற்கும்.

ஆகவே பெயர் சொல்ல வேண்டியது வாயுவின் செயலை: அது விலக்குகிறது. "காற்றகற்றி" என்று எழுதிப் பார்த்தேன், சுவரில் பொருத்தும் விசிறிபோல ஒலித்தது. "உயிர்வளி விலக்கி" என்பது என் முன்மொழிவு.

*

ஐயா, வணக்கம். "திணறல்" பற்றித் தாங்கள் எழுதியதைப் படித்த பிறகு அதை இனி நான் எழுதமாட்டேன். இதுவரை எழுதியவற்றையும் திருத்துகிறேன். ஆனால் "உயிர்வளி" உறுத்துகிறது. பக்கத்துச் சிலிண்டரில் "ஆக்சிஜன்" என்று எழுதியிருக்கும்போது, இரண்டும் ஒன்றே என்று வெல்டருக்கு யார் சொல்வது? "விலக்கி"யும் ஒரு கருவியின் பெயர்போல் நிற்கிறது. "ஆக்சிஜன் விலக்கும் வாயு" என்றால் என்ன? கார்பன் டை ஆக்சைடும் இவ்வகையில் சேருமா?

*

வெல்டரைப் பற்றித் தாங்கள் சொன்னது சரி. "உயிர்வளி"யை மகிழ்ச்சியோடு கைவிடுகிறேன். ஆனால் "ஆக்சிஜன் விலக்கும் வாயு" என்பதை, ஆக்சிஜனால் விலக்கப்படும் வாயு என்றும் படிக்க இடமிருக்கிறது. வேற்றுமை உருபைத் தொகையாக விடாமல் விரித்தே எழுதுவோம்: "ஆக்சிஜனை விலக்கும் வாயு". ஓர் உருபு கூடினால் கூடட்டும், பொருள் தலைகீழாகக் கூடாது.

கார்பன் டை ஆக்சைடைச் சேர்க்க வேண்டாம். அது திணறலைத் தரும், சில விழுக்காடு கூடினாலே தானாகவும் தீங்கு செய்யும். அதற்குத் தனிப் பதிவு போடுகிறேன்.

சிலிண்டரில் ஒட்டும் சீட்டுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்: "ஆக்சிஜனை விலக்கும் வாயு. மூச்சுத் திணறாமலே மயக்கம் வரும். காற்றோட்டமுள்ள இடத்தில் மட்டும் வைக்கவும். விழுந்தவரை மீட்கக் காற்றுக்கலன் இணைந்த தனி மூச்சுக்கருவி இன்றி உள்ளே செல்லாதீர்கள்."