டயர் மாற்றணும்: 500-ஆ, 320-ஆ?

வணக்கம் நண்பர்களே. என் காரின் முன் டயர்கள் பள்ளத்துக்குள் இருக்கும் அந்தச் சின்ன மேடு வரைக்கும் தேய்ந்துவிட்டன, அதாவது 1.6 மி.மீ. தான் மிச்சம். நான்கையும் மாற்றப்போகிறேன். அளவு 185/65 ஆர்15.

இரண்டு டயர் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றின் பக்கவாட்டில் ட்ரெட்வேர் 500, டிராக்‌ஷன் பி. இன்னொன்றில் 320, டிராக்‌ஷன் ஏ. எண் கூடினால் மெதுவாகத் தேயும், எழுத்து ஈரச் சாலையில் பிரேக் பிடிப்பதைச் சொல்கிறது, சரி. ஆனால் அந்த எண்ணைத் தயாரிப்பாளரே போடுகிறாரே, இரண்டு வேறு பிராண்டுகளை ஒப்பிட அதை நம்பலாமா? மழையில் நிறைய ஓட்டுகிறேன். மனசு 320 பக்கம்தான் சாய்கிறது.

அப்புறம், 500 டயரின் தேதி எண் 1022. 2022-ஆம் ஆண்டின் 10-வது வாரத்துச் சரக்கு! வாங்கலாமா? ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.