ஆறாம் மாதத்தில் மாமியார் வீடு: கிள்ளானிலிருந்து பாபநாசம்

கிள்ளான்காரி:

நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில். கணவருக்குத் தஞ்சாவூர் மாவட்டம், பாபநாசம் பக்கத்துக் கிராமம். கர்ப்பத்தின் ஆறாம் மாதத்தில் அங்கே போய் ஆடி முழுவதும் இருந்துவிட்டு வந்தேன். பயணத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேர் விமானம், நான்கு மணி நேரம். 28 வாரம் தாண்டினால் பெரும்பாலான விமான நிறுவனங்கள் டாக்டர் கடிதம் கேட்கும்; 36 வாரத்துக்கு மேல் ஏற்றவே மாட்டார்கள். எத்தனை வாரம் என்ற கணக்கைத் திரும்பும் தேதிக்குப் போட்டு டிக்கெட் எடுங்கள்.

வயிற்றில் இருப்பது பெண் என்று புறப்படும் முன்பே எங்களுக்குத் தெரியும். மலேசியாவில் ஸ்கேன் எடுக்கும்போது கேட்டால் சொல்லிவிடுவார்கள். "ஊரில் வாயைத் திறக்காதே" என்று சொல்லித்தான் கணவர் அழைத்துப் போனார். என் ஓரகத்திக்கு இரண்டும் பெண். இந்தச் செய்தியைச் சாக்கிட்டு அவரை யாராவது இடித்துப் பேசுவார்களோ என்ற கவலை கணவருக்கு.

போன நாளிலிருந்து ஆருடம்தான். எதிர்வீட்டுப் பாட்டி என்னை எழுந்து நடக்கச் சொல்லி, எந்தக் காலை முதலில் வைக்கிறேன் என்று பார்த்தார். வலது கால். ஆண் என்று தீர்ப்பாகிவிட்டது. அத்தை (என் மாமியார்) மட்டும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் நான் கொண்டுபோன இளஞ்சிவப்பு அட்டை போட்ட கர்ப்பகாலப் பதிவேட்டை, கண்ணாடி மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். முழுக்க மலாய், அவருக்குப் பிடி கொடுக்கவில்லை.

ஆடிப்பெருக்கன்று இன்னொரு வேடிக்கை. காவிரித்தாய் கர்ப்பிணி, அவளுக்கு மசக்கை என்று சொல்லி, காதோலை கருகமணி, காப்பரிசி, புளியோதரை, தேங்காய்ச் சாதம் எல்லாம் காவிரியின் கிளையான குடமுருட்டிப் படித்துறைக்குப் புறப்பட்டன. பிள்ளைத்தாய்ச்சி ஆற்றங்கரைக்கு வரக் கூடாது என்று என்னை வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். ஆறு சாப்பிட்ட பிறகுதான் எனக்குப் புளியோதரை வந்தது. பரவாயில்லை, அந்தப் புளிக்காய்ச்சலுக்காக இன்னும் ஒரு மணி நேரம்கூடக் காத்திருப்பேன்.

அதற்கு அடுத்த வாரம் அடிவயிறு இழுத்துப் பிடித்தது. கும்பகோணத்துக்குக் காரில் போனோம். ஸ்கேன் அறை வாசலிலேயே பலகை: கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே கண்டறிந்து சொல்வதில்லை, அது சட்டப்படி குற்றம் என்று. 1994-ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு படிவத்தை நீட்டினார்கள். குழந்தை ஆணா பெண்ணா என்று அறிய விரும்பவில்லை என நானே உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஏற்கெனவே தெரிந்து வைத்திருப்பவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வது? சிரிப்பை அடக்கிக்கொண்டு போட்டேன். குழந்தை நன்றாக இருந்தது. தண்ணீர் போதவில்லை, நிறையக் குடிக்கச் சொன்னார்கள். விமானத்துக்கான கடிதத்தையும் அந்த டாக்டரிடமே பின்னால் வாங்கிக்கொண்டேன்.

திரும்பும்போது காரில் அத்தை என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: "உங்கள் ஊரில் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்மா. என்னிடம் சொல்லிவிடாதே. எனக்குத் தெரிந்தால் பொழுது விடிவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். பெரியவளைத்தான் முதலில் குத்துவார்கள்."

நாங்கள் யாருக்காகப் பயந்தோமோ, அவருக்காகத்தான் அத்தையும் வாயைக் கட்டியிருந்தார்.

புறப்படும் முன் திருக்கருகாவூர் போனோம். கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் சுகப்பிரசவத்துக்கு விளக்கெண்ணெய் தருவார்கள். வயிற்றில் தடவத்தான், குடித்துவிடாதீர்கள்; குடித்தால் வலி கிளம்பிவிடும் என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் அனுமதியில்லை. பாட்டிலைப் பெரிய பெட்டியில் வையுங்கள்.

மன்னார்குடிப் பெண்:

எனக்கு நேர்மாறாக நடந்தது. பிறந்த ஊர் மன்னார்குடி, மாமனார் மாமியார் சிங்கப்பூர்வாசிகள். ஆணா பெண்ணா என்று குழந்தை பிறக்கும்போது தெரிந்துகொள்ளலாம் என ஆசையாக இருந்தேன். அங்கே ஸ்கேன் அறைக்குள் என்னோடு வந்த மாமியார், டாக்டரிடம் நேராகக் கேட்டுவிட்டார். டாக்டரும் சொல்லிவிட்டார். அன்று மாலையே நீலச் சட்டைகள் வாங்கியாயிற்று. எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை, பையனுக்கு நாலு வயதாகிறது. கிள்ளான்காரி, காப்பீடு எடுத்தீர்களா?

கிள்ளான்காரி:

எடுத்தேன். ஆனால் பயணக் காப்பீடுகள் பலவற்றில் கர்ப்பம் தொடர்பான செலவு சேராது, என்னுடையதிலும் சேரவில்லை. ஸ்கேன் செலவு கைப்பணம்தான். விதிமுறைத் தாளில் 'விலக்குகள்' என்ற பகுதியை முதலில் படியுங்கள், விளம்பரத்தைப் பிறகு படிக்கலாம். பெண் பிறந்த செய்தியை அத்தைக்குப் போனில் சொன்னபோது, "அப்படியா!" என்று தெருவுக்கே கேட்கும்படி ஆச்சரியப்பட்டார்.