உருகிய பொலிஸ்டைரீனின் அடர்த்தி: எக்செல் கணக்கு ஏன் பூச்சியத்துக்குப் போகிறது?

கேள்வி (நுவரெலியா)

வணக்கம். 200 பாகை செல்சியஸில் உருகிய பொலிஸ்டைரீனின் அடர்த்தியை சான்செஸ்–லகோம்ப் நிலைச் சமன்பாட்டால் (அமுக்கம், வெப்பநிலை, அடர்த்தி மூன்றையும் இணைப்பது) கணிக்கிறேன். பொலிஸ்டைரீனுக்கான பரமானங்கள்: வெப்பநிலை 735 கெல்வின், அமுக்கம் 357 மெகாபாஸ்கல், அடர்த்தி 1.105 கி/செமீ³. நியூட்டன் முறையில் (ஓர் ஊகத்தில் தொடங்கிப் படிப்படியாக விடையை நெருங்குவது) ஒடுக்கிய அடர்த்திக்கு, அதாவது பரமானத்தால் வகுத்த அடர்த்திக்கு, 0.5 கொடுத்துத் தொடங்கினால், அமுக்கம் பூச்சியமாக இருக்கும்போது விடையும் பூச்சியம், 0.1 மெகாபாஸ்கல் வைத்தால் எண் அங்குமிங்கும் துள்ளுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க, அமுக்கத்தில் கனவளவு எவ்வளவு சுருங்கும் என்று சொல்லும் டெய்ட் சமன்பாட்டையும் போட்டேன். 100 மெகாபாஸ்கலில் கனவளவு 10 சதவீதத்துக்கு மேல் சுருங்குவதாகக் காட்டுகிறது. எதை நம்புவது? இங்கே வளியமுக்கம் கடல்மட்டத்தைவிடக் குறைவு, அதையும் திருத்த வேண்டுமா?

பதில் 1 (பேராதனை)

தொடக்கப் புள்ளிதான் பிழை. சமன்பாடு இது:

அ² + ப + வெ × [மட(1−அ) + (1−1/ர)அ] = 0

அ, ப, வெ முறையே ஒடுக்கிய அடர்த்தி, அமுக்கம், வெப்பநிலை. 'மட' இயற்கை மடக்கை. ர சங்கிலி நீளம். நீளச் சங்கிலிக்கு 1/ர பூச்சியம்தான். மூலர்த் திணிவு 1,00,000 என்றால் ர ஏறத்தாழ 5,300, விட்டுவிடலாம். 1,000 என்றால் ர 53 மட்டுமே, விட்டால் அடர்த்தி அரை சதவீதம் தவறும்.

473.15 ஐ 735 ஆல் வகுத்தால் வெ = 0.6437. இந்தச் சார்பு 1−வெ/2, அதாவது 0.678 இல் உச்சத்தைத் தொட்டுத் திரும்புகிறது. அதற்குக் கீழே நின்றால் நியூட்டன் பூச்சியத்தை நோக்கி வழுக்கும். உச்சத்துக்குச் சற்று மேலே நின்றாலும் ஆபத்துத்தான். சரிவு சிறிது என்பதால் ஒரே தாவலில் 1 ஐத் தாண்டி மடக்கை உடைந்துவிடும். 0.99 இல் தொடங்குங்கள். அங்கிருந்து மூலத்தை நோக்கி ஒரே திசையில் இறங்கி வரும். விடை 0.8714, அதை 1.105 ஆல் பெருக்கினால் அடர்த்தி 0.963 கி/செமீ³.

பதில் 2 (பதுளை)

டெய்ட் கணக்கில் வெப்பநிலையை கெல்வினில் போட்டிருக்கிறீர்கள், பந்தயம் கட்டுவேன். டெய்ட்டில் வரும் B என்ற அமுக்கப் பரமானம், B = 216.9 × அடுக்குக்குறி(−0.003319 × வெப்பநிலை), என்பதில் வெப்பநிலை செல்சியஸ். சரியாகப் போட்டால் B 111.7 மெகாபாஸ்கல், கெல்வினில் போட்டால் 45. அதனால்தான் 10 சதவீதம் வருகிறது. சரியான சுருக்கம்: 0.0894 × மட(1 + 100/111.7) = 0.057. எக்செலில் எல்ஓஜி வேண்டாம், எல்என். பத்தடி மடக்கையில் எழுதிய பதிப்பில் மாறிலி 0.0894 க்குப் பதில் 0.2058 ஆக இருக்கும். இரண்டையும் கலந்து போடுவது வழக்கமான சறுக்கல்.

எதை நம்புவது? பொலிஸ்டைரீனுக்கு டெய்ட். அது அளந்த தரவுக்குப் பொருத்திய வளைகோடு. அதே 100 மெகாபாஸ்கலில் சான்செஸ்–லகோம்ப் 6.8 சதவீதம் சுருங்கும் என்கிறது. அந்த அமுக்கத்தில் அது மிகையாக நெருக்குகிறது. கலவை, வாயுக் கரைதிறன் என்று போனால்தான் அதன் அருமை தெரியும். டெய்ட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

நுவரெலியா அமுக்கத்தை மறந்துவிடுங்கள். கடல்மட்டத்தோடு வித்தியாசம் ஏறத்தாழ 20 கிலோபாஸ்கல். அடர்த்தியில் இலட்சத்தில் இரண்டுக்கும் குறைவு. வெப்பமானியில் ஒரு பாகை தவறினால் 0.05 சதவீதம் போகும். முதலில் அதைப் பாருங்கள்.

பதில் 3 (ஹட்டன்)

ஒன்றைச் சேர்க்கிறேன்: இவையெல்லாம் உருகிய நிலைக்கு மட்டும். பொலிஸ்டைரீனில் கண்ணாடி நிலைமாற்றமான (உருகல் கண்ணாடிபோல் இறுகும் வெப்பநிலை) ஏறத்தாழ 100 பாகைக்குக் கீழே கொண்டு போக வேண்டாம். பொலித்தீனில் பிழை இன்னும் பெரிது. உயரடர்த்திப் பொலித்தீனின் பரமானங்களை (649 கெல்வின், 425 மெகாபாஸ்கல், 0.904) வைத்து 25 பாகையில் கணித்தால் 0.853 வரும், கையில் இருக்கும் பொருள் 0.94 க்கு மேல். சமன்பாட்டுக்குப் பளிங்கு தெரியாது, அது பளிங்காகாத பகுதியின் அடர்த்தியைச் சொல்கிறது.

பீசி–சாஃப்ட் என்ற இன்னொரு நிலைச் சமன்பாட்டின் பக்கம் போனால், பல்பகுதியத்தின் பரமானங்களை அமுக்கம்–கனவளவுத் தரவுக்கு மட்டும் பொருத்தாதீர்கள். அடர்த்தி அழகாக வரும், கரைதிறன் கவிழ்த்துவிடும். ஒரு கலவைத் தரவையாவது சேர்த்தே பொருத்துங்கள்.