ஒபியாங்கோ ஏரியில் எந்தத் தீவில் கூடாரம் போடலாம்?

நீர்க்காகம்:
ஜூலை நடுவில் கனடாவின் அல்கோன்குவின் பார்க் போகிறோம். நான், மனைவி, பத்து வயது மகன், மூவருக்கும் ஒரே கேனூ (துடுப்புப் படகு). ஒபியாங்கோவின் தெற்குக் கிளையில் இரண்டு இரவு புக் செய்தாயிற்று. குறிப்பிட்ட இடம் என்று எதுவும் தரமாட்டார்கள், ஆரஞ்சு போர்டு உள்ள இடங்களில் காலியாக இருப்பதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மகன் தீவுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். கரடித் தொல்லை இருக்காது என்பதால் எனக்கும் சம்மதம். மேற்கு பார்த்த முனையாகப் பார்த்துப் பிடித்தால் சூரியன் மறைவதைப் பார்க்கலாம் என்று ஆசை. வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பழைய துடுப்பு:
மேற்கு முனையா? நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். வேறொரு பெரிய ஏரி. மாலை நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம், தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. வழுவழுப்பான பாறை, எதிரே சூரியன். அதற்குமேல் யோசிக்கவே இல்லை. நள்ளிரவில் மேற்கிலிருந்து காற்று எழுந்தது. விடிந்து பார்த்தால் ஏரி முழுக்க வெள்ளை நுரை. கேனூவை இறக்க இருந்தது அந்த ஒரே பாறைதான், அதிலேயே அலை மோதிக்கொண்டிருந்தது. ஒரு பகலும் இன்னொரு இரவும் அங்கேயே கிடந்தோம். கடைசி வேளைக்கு ஆளுக்கு அரைக் கப் ஓட்ஸ்.

திறந்த தண்ணீரின் மேல் காற்று எவ்வளவு தூரம் ஓடி வருகிறதோ அவ்வளவுக்கு அலை பெரிதாகும். ஒபியாங்கோ அந்தப் பார்க்கிலேயே மிகப் பெரிய ஏரி. அதனால் தீவைக் கண்டதும் நான் முதலில் தேடுவது பின்வாசலை. காற்று வராத பக்கத்தில் கேனூவை இறக்க ஓர் இடம் இருக்கிறதா? இருந்தால் சரி, சூரியனை மேற்கு முனைக்கு நடந்து போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் அண்ணாந்து பாருங்கள். தீவில் பாறைமேல் மண் கொஞ்சம்தான் இருக்கும், வேர் ஆழமாக இறங்காது. பட்டுப்போன மரமோ தொங்கும் கிளையோ இருந்தால் அதன் கீழே படுக்க வேண்டாம். தனியாக உயர்ந்து நிற்கும் பைன் மரத்தடியும் வேண்டாம், இடி விழ அதுதான் முதலில் நிற்கும். இரவில் கேனூவைக் கவிழ்த்து மரத்தில் கட்டிவிடுங்கள். தீவில் அது மிதந்து போனால் நீங்கள் அங்கேயேதான்.

கொசுக்கடி:
பழைய துடுப்பு சொல்வதில் பாதிதான் எனக்குச் சம்மதம். காற்றே வராத மூலையில் கூடாரம் போட்டால் கொசு தின்றுவிடும், அனுபவித்தவன் சொல்கிறேன். கேனூ மறைவில் இருக்கட்டும், கூடாரத்துக்குக் கொஞ்சம் காற்று வேண்டும். தீவில் விறகும் கிடைக்காது. முன்னால் வந்தவர்கள் பொறுக்கித் தீர்த்திருப்பார்கள். வழியில் பெருங்கரையில் ஒதுங்கி, கீழே கிடக்கும் காய்ந்த கட்டைகளை அள்ளிக்கொண்டு போங்கள்.

கரைவாசி:
கரடி விஷயத்தில் ஒரு திருத்தம். கருங்கரடி நன்றாக நீந்தும். 1991 அக்டோபரில் கரடி தாக்கி இருவர் இறந்தது இதே ஒபியாங்கோவில், பேட்ஸ் தீவில்தான். மிக மிக அபூர்வமான சம்பவம், பயமுறுத்தச் சொல்லவில்லை. தீவுதானே என்று சாப்பாட்டைக் கூடாரத்தில் வைத்துவிடாதீர்கள். பற்பசை உட்பட எல்லாம் ஒரே பையில், தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில், மரத்தண்டிலிருந்து 2 மீட்டராவது தள்ளித் தொங்கட்டும்.

நீர்க்காகம்:
எல்லோருக்கும் நன்றி. பேட்ஸ் தீவுக் கதையை மகனிடம் சொல்லவில்லை, மனைவியிடமும்தான். திரும்பும் நாளில் காற்று பிடித்துக்கொண்டால் என்ன செய்வது?

பழைய துடுப்பு:
விடியற்காலையில் கிளம்பிவிடுங்கள், காற்று பெரும்பாலும் முற்பகலுக்கு மேல்தான் வலுக்கும். நடு ஏரியை வெட்டிப் போகாமல் கரையை ஒட்டியே வாருங்கள். லைஃப் ஜாக்கெட்டை மகன் மட்டுமல்ல, நீங்களும் மாட்டிக்கொள்ளுங்கள். நுரை தெரிந்தால் இறங்கவே வேண்டாம். ஒரு நாள் சாப்பாடு கூடுதலாக இருக்கட்டும். ஓட்ஸ் தவிர வேறு ஏதாவது.