கன்று விற்பனையில் எந்த அளவுக் கன்றுகளை வைப்பது?

கேள்வி – கோப்பாய்

வணக்கம். எங்கள் சனசமூக நிலையத்தைச் சேர்ந்த வீட்டுத்தோட்டக்காரர்கள், கார்த்திகை மரநடுகை மாதத்தில், தாங்கள் வளர்த்த கன்றுகளை ஒரு நாள் விற்க இருக்கிறோம். கத்தரி, மிளகாய் நாற்றுகளும் பப்பாசி, தேசி, கறிவேப்பிலை, செவ்வரத்தைக் கன்றுகளும் இருக்கின்றன. பெரிதாக வளர்த்து விற்றால்தான் கூடிய விலை கிடைக்கும் என்று சிலரும், சிறியனவே போதும் என்று சிலரும் நிற்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

பதில் – உரும்பிராய்

சகோதரி, வேரைப் பார்த்தே அளவைத் தீர்மானியுங்கள். பப்பாசியை ஒரு சாண் உயரத்திலேயே கொடுத்துவிட வேண்டும். முழங்கால் உயரம்வரை பையில் நின்ற கன்றின் ஆணிவேர் அடியில் சுருண்டுவிடுவதால், நட்ட பிறகு இலை பழுத்துக் கன்று அப்படியே குந்திவிடும். ஆண், பெண் மரம் பூத்த பின்னரே தெரியும் என்பதால், குழிக்கு மூன்றாக நடுவதற்கு மூன்று கன்றுகளைச் சேர்த்தே விற்பது நல்லது. கத்தரியும் மிளகாயும் நான்கு, ஐந்து வார நாற்றாக இருந்தால் போதும். பூவோடு நிற்கும் மிளகாய்க் கன்றை ஆசையோடு வாங்குவார்கள். ஆனால் நட்டவுடன் அந்தப் பூ கொட்டும்போது, விற்ற உங்களைத்தான் நினைப்பார்கள்.

பதில் – நல்லூர்

ஐயா கூறியது நாற்றுக்கும் பப்பாசிக்கும் முற்றிலும் பொருந்தும். கறிவேப்பிலையில் எனக்கு வேறு எண்ணம். அது முதல் இரண்டு வருடங்களும் மிக மெதுவாகவே வளர்வதால், விரலளவு கன்றை வாங்கியவர்கள் புல்லோடு புல்லாகச் செருக்கிவிடுகிறார்கள். ஒன்றரை அடிக் கன்றாக, ஆழமான பையில் வையுங்கள். தேசியும் அவ்வாறே. நாங்கள் ஒருமுறை பெரிய மண்சாடிகளில் செவ்வரத்தை வைத்தோம். வந்தவர்களிற் பெரும்பாலோர் சைக்கிளில் வந்தபடியால், விலை கேட்டுவிட்டுச் சாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். தடி வைத்து வேர்விட்ட சிறு பைகளோ பத்து மணிக்குள் முடிந்துவிட்டன.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. பப்பாசி ஏற்கனவே ஒன்றரை அடி வளர்ந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில் – உரும்பிராய்

ஒரு பையை ஓரத்தில் கிழித்து வேரைப் பாருங்கள். அடியில் வட்டமாகச் சுற்றியிருந்தால் அவற்றை விற்க வேண்டாம். தாமதமின்றிப் புதிதாக விதை போடுங்கள். விற்பனைக்கு ஒரு வாரம் முன்னதாக எல்லாவற்றையும் நிழலிலிருந்து வெயிலுக்கு மாற்றி வையுங்கள்.