ரெக்காங் பியோ – காசா – மணாலி: ஹைபிரிட் சைக்கிள் தாங்குமா?

முனிர்காவாசி:
வணக்கம். இருப்பது தில்லியில். வார இறுதிகளில் குர்காவ்ன்–ஃபரிதாபாத் சாலை, மாங்கர் பக்கத்து மண்பாதை என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன். செப்டம்பரில் அலுவலக நண்பர் ஒருவருடன் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்கு, அங்குள்ள காசா ஊர் வழியாகப் போகலாம் என்று திட்டம். என்னிடம் இருப்பது 700x35 (35 மிமீ அகல) டயர் போட்ட ஹைபிரிட், கியர் முன்னால் 48-38-28 பல், பின்னால் 11-32 பல். ஜண்டேவாலான் சைக்கிள் கடைகளில் விசாரித்தால் ஒருவர் எம்டிபி (மலைச் சைக்கிள்) வாங்கு என்கிறார், பக்கத்துக் கடைக்காரர் ஜல்லிப் பாதைக்கான கிராவல் சைக்கிள்தான் சரி என்கிறார், இரண்டுமே என் பட்ஜெட்டுக்கு மேல். இருப்பதை வைத்தே சமாளிக்க முடியுமா? அப்புறம், மணாலி பக்கமிருந்து ஏறுவதா, ரெக்காங் பியோ பக்கமிருந்தா?

ஆர்கேபுரம் அண்ணாச்சி:
தம்பி, முதலில் திசையை முடிவு செய்யுங்கள், சைக்கிளை அப்புறம் பார்க்கலாம். மணாலி சுமார் 2,000 மீட்டர். அங்கிருந்து கிளம்பினால் ரோத்தாங் 3,978, அடுத்து குன்சும் கணவாய் 4,550க்கு மேல், எல்லாம் இரண்டு மூன்று நாளுக்குள் வந்துவிடும். உடம்பு பழக நேரமே கிடைக்காது. ரெக்காங் பியோ பக்கமிருந்து போனால் நாக்கோ, தாபோ, காசா என்று தங்கித் தங்கி உயரத்துக்குப் பழகிக்கொண்டே போகலாம். 3,000 மீட்டருக்கு மேல் போனதும், ராத்திரி தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வு வையுங்கள். நாக்கோ தாபோவை விட உயரம், அதனால் அங்கே தலை வலித்தால் சாலையே உங்களைக் கீழே இறக்கிவிடும், அது பெரிய வசதி. தாபோ மடத்தை அவசரமாகப் பார்த்துவிட்டு ஓடாதீர்கள். 996இல் கட்டியது, உள்ளே மண்சுவர் முழுக்க ஓவியம், ஓய்வு நாளை அங்கேயே போடலாம்.

சைக்கிள் விஷயம். உங்கள் ஃப்ரேம் போதும், கியர் போதாது. மூட்டையோடு ஜல்லி ஏற்றத்தில், அந்த உயரத்தில், மணிக்கு நாலரை கிலோமீட்டர்தான் வரும். முன்னால் 28, பின்னால் 32 பல் கியரில் அந்த வேகம் என்றால் மிதி சுற்றுவது நிமிடத்துக்கு 40 சுற்றுக்குக் கீழே போய்விடும், முட்டி ஒரே நாளில் பதில் சொல்லும். சின்ன செயின்ரிங்கை (முன்பக்கப் பல்சக்கரம்) 22 பல்லுக்கு மாற்ற முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள், மூன்று ரிங் உள்ள பல கிராங்குகளில் முடியும். அதே வேகத்தில் 50 சுற்று கிடைக்கும். புது சைக்கிள் விலைக்குப் பக்கத்தில்கூட வராது இந்தச் செலவு.

மயூர்விஹார் மிதி:
அண்ணாச்சி சொன்ன கியர் கணக்கு சரி, ஆனால் 35 டயரோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. காசா வரைக்கும் ஓட்டிவிடலாம், நிறைய இடத்தில் தார் உண்டு. காசாவுக்கு அப்பால் லோசர் கிராமம் தாண்டி, குன்சும் ஏறி, மறுபக்கம் பாத்தல் இறங்கினால் அதற்கப்புறம் கிராம்பூ வரை சுமார் 50 கிலோமீட்டர் உருண்டைக் கல்லும் மணலும்தான், பல இடங்களில் ஓடை சாலை மேலேயே ஓடும். ஃப்ரேமிலும் ஃபோர்க்கிலும் இடம் இருந்தால் 42 அல்லது 45 போடுங்கள், காற்றையும் தில்லியில் அடிக்கிற மாதிரி கல்லாக அடிக்காதீர்கள். 45 டயருக்கு மூட்டையோடு 40 பிஎஸ்ஐ பக்கத்தில் ஆரம்பித்து உங்கள் எடைக்கு ஏற்பக் கூட்டிக் குறையுங்கள்.

அந்தச் சாலையில் டயரை விட அதிகமாகப் பழுதாவது கேரியர். அதிர்விலேயே போல்ட் கழன்றுவிடும். பின் அச்சுப் பக்கத்தில் கேரியர் காலைப் பிடித்திருக்கும் அந்த ஒற்றை 5 எம்எம் போல்ட்டைத் தினமும் சாயங்காலம் விரலால் ஆட்டிப் பாருங்கள், நூல் அளவு அசைந்தாலும் உடனே முடுக்குங்கள். அது உடைந்து துளைக்குள்ளேயே மாட்டிக்கொண்டால் வழியில் எடுப்பது பெரும்பாடு. கேரியர் இரும்பாக இருக்கட்டும், ஒடிந்தால் ஏதாவது ஒரு பட்டறையில் வெல்டிங் வைத்துவிடுவார்கள், அலுமினியத்துக்கு அந்த வழி இல்லை. உபரி போல்ட், பிளாஸ்டிக் டை, பின்சக்கர வலப்பக்க அளவில் ஸ்போக், டிரெய்லியர் ஹேங்கர் (பின் கியர்மாற்றியைப் பிடித்திருக்கும் துண்டு), இரண்டு ஜோடி பிரேக் பேட். இதில் எதுவும் காசாவில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

முனிர்காவாசி:
ரொம்ப நன்றி, இரண்டு பேருக்கும். ஃபோர்க்கை அளந்து பார்த்தேன், 42 தாராளமாக நுழையும். ஓடை என்றதும் வீட்டில் அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. எவ்வளவு ஆழம் இருக்கும்?

கரோல்பாக் மலைப்பித்து:
ஆழம் நேரத்தைப் பொறுத்தது. மேலே பனி உருகி வரும் தண்ணீர், வெயில் ஏற ஏற கூடும். விடிகாலையில் கணுக்கால் நனைகிற ஓடை பிற்பகலில் முழங்காலைத் தொடும், அந்தக் குளிரில் உருளும் கல் மேல் நிற்பதே கஷ்டம். அதனால் பாத்தலில் தங்கி, வெளிச்சம் வந்ததும் கிளம்பி, சோட்டா தாரா பக்கத்து ஓடைகளை மதியத்துக்குள் தாண்டிவிடுங்கள். இழுப்பு அதிகமாகத் தெரிந்தால் பைகளைக் கழற்றித் தனியே கொண்டுபோய் வைத்துவிட்டு, திரும்பி வந்து சைக்கிளை நண்பரோடு சேர்ந்து பிடித்துக் கடத்துங்கள். நீரோட்டம் வரும் பக்கம் நீங்கள், கீழ்ப்பக்கம் சைக்கிள். இல்லாவிட்டால் அது உங்கள் காலைத் தட்டிவிடும்.

செப்டம்பர் நல்ல தேர்வு. ஜூலை, ஆகஸ்டில் ரெக்காங் பியோ இருக்கும் கின்னௌர் பக்கம் மலைச்சரிவு அதிகம். ஆனாலும் கைவசம் இரண்டு நாள் உபரி இருக்கட்டும். 2023 ஜூலையில், கோடைக்காலத்திலேயே, குன்சும் பக்கத்துச் சந்திரதால் ஏரியில் கிட்டத்தட்ட 300 பேர் பனியில் மாட்டிக்கொண்டார்கள். லோசரில் வானம் கறுத்தால் கணவாய்க்கு ஏறாமல் அங்கேயே இருந்துவிடுங்கள், தில்லிக்குத் திரும்பும் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடாதீர்கள். அம்மாவிடம் எந்த நாள் எந்த ஊர் என்று எழுதிக் கொடுங்கள், லோசர் தாண்டினால் சிக்னல் கிடைக்காது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கிளம்புவதற்கு முன்னால் முழு மூட்டையோடு டேராடூன்–மசூரி ஏற்றத்தை ஒருமுறை ஏறிப் பாருங்கள். தில்லியில் எவ்வளவு ஓட்டினாலும் அந்த மாதிரி ஏற்றம் கிடைக்காது, 22 பல் போதுமா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.